வாலில் மாட்டிய டர்போ

குழாயண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கடைவாசலில் நின்றால், தூங்குகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. தெருவில் போகும் ஏதோ ஒரு வண்டியின் புகைக்குழாயைக் காதால் தடவிப் பார்க்கிறார் என்று பொருள். "ரெண்டாவது வளைவுல ஓட்டை" என்பார். வண்டி அதற்குள் முனை திரும்பியிருக்கும். பத்து நாள் கழித்து அதே வண்டி அவர் கடைக்கு வந்து நிற்கும், இரண்டாவது வளைவில் ஓட்டையோடு.

குழாய் வளைப்பதும் சைலன்சர் கட்டுவதும் அவர் தொழில். இருபது வருடமாக ஒரே கடை, ஒரே வளைக்கும் எந்திரம், ஒரே மனைவி என்று யாரிடமோ அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மனைவி கேட்டுவிட்டார். "மூணாவதா இருந்தாலும் பட்டியல்ல இருக்கேனே, அது போதும்."

ஊருக்கு அவர் நர்ஸம்மா. மேட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறையில் வேலை. காலையில் வீட்டு வேனை எடுத்து, வழியில் உடன் வேலை செய்யும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, லாரிகள் பறக்கும் பெரிய சாலையில் நுழைந்து, ஏற்றம் ஏற வேண்டும். ஏற்றத்தைக் கண்டாலே வேனுக்கு மூச்சு வாங்கும். ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால்தான் ஏறும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கேலி இருந்தது.

அந்தக் கேலிக்குப் பதிலாகத்தான் குழாயண்ணன் டர்போவைத் தேடிப் பிடித்தார். இரண்டு கை சேர்த்துக் குவித்த அளவுள்ள இரும்பு நத்தை. அதற்குள் ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். என்ஜின் விடும் புகை ஒன்றைச் சுழற்றும். அது சுழன்றால் மற்றது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்கு ஊட்டும். காற்று கூடினால் பலம் கூடும். பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து அதைக் கொண்டுவந்து, எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தார். என்ஜின் பக்கத்தில் இடமில்லை. அதனால் வண்டியின் வாலில், சைலன்சர் இருந்த இடத்தில் மாட்டினார்.

நர்ஸம்மாவின் அண்ணன், பஸ் ஓட்டுகிறவர், குனிந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தார்.

"என்ன மாப்ளே, தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்சிருக்கீங்க?"

"முன்னாடி இடம் எங்க மச்சான்? என்ஜினே உங்க தங்கச்சி சீட்டுக்கு அடியில குனிஞ்சு உக்காந்திருக்கு."

ஏற்றத்தில் வேன் இப்போது பாடிக்கொண்டே ஏறியது. ஐந்து பேரும் பேசிக்கொண்டே போகலாம். ஆனால் ஒரு திங்கட்கிழமை மாலை நர்ஸம்மா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நான்கு விரலைக் காட்டினார்.

"நாலு. பெரிய ரோட்டுல லாரிக்கு முன்னாடி நுழையலாம்னு மிதிச்சேன். ஒண்ணு, ஒண்ணுமில்ல. ரெண்டு, ஒண்ணுமில்ல. மூணு, லாரிக்காரன் ஹாரன். நாலு, அப்பதான் உங்க டர்போவுக்கு நாங்க வந்ததே தெரியுது!"

நாடி பார்த்துப் பழகியவர் எண்ணிக்கை, நொடி பிசகாது.

"வாலுக்குப் புகை போய்ச் சேரணும்ல, அப்புறம் அங்கேருந்து காத்து திரும்பி வரணும்..."

"அதெல்லாம் லாரிகிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள, மிதிச்சு ரெண்டு சொல்றதுக்குள்ள வண்டி பாயணும். இல்லைன்னா அதைக் கழட்டிட்டு பழைய சைலன்சரை மாட்டுங்க. கூட நாலு உசுரு வருது."

சரியான பேச்சுக்கு முன்னால் எட்டு மாத ஞாயிறுகள் கைகட்டி நின்றன.

செவ்வாய்க்கிழமை, குழாயின் வாயை அடைத்து மெல்லக் காற்று ஊதி, மூட்டுகளில் எல்லாம் சோப்பு நுரை தடவினார். மூன்றாவது மூட்டில் ஒரு குமிழ் எழுந்தது. கடுகாக, மிளகாக, கோலிக்குண்டாக வளர்ந்து உடைந்தது. ஊர் ஓட்டையெல்லாம் காதால் கண்டுபிடிப்பவரின் சொந்த வண்டியில் ஓட்டை! இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சொல்லாமலே மூட்டுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டை மாற்றினார். எண்ணிக்கை மூன்றரை ஆனது.

புதன்கிழமை சூட்டைக் கட்டிக்காக்க முனைந்தார். சூடுதான் புகையின் தெம்பு. ஒன்பது அடிக் குழாயில் போகப்போகச் சூடு இறங்கி, புகை சுருங்கி, சோம்பேறியாகித்தான் வாலுக்குப் போகிறது. கண்ணாடி இழை நாடாவை நனைத்து குழாய் முழுக்கச் சுற்றினார். வேலை முடிந்து வந்த நர்ஸம்மா தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதென்ன கட்டு? இப்படிக் கட்டி அனுப்பினா நோயாளி வாசல் தாண்டறதுக்குள்ள அவுந்து காலைச் சுத்திக்கும்."

"இது குழாய்ம்மா. கால் இல்ல."

"எதுவா இருந்தா என்ன? முதச் சுத்துல பாதியை அடுத்த சுத்து மூடணும். இழுக்கற இழுப்பு ஒரே மாதிரி இருக்கணும். வளைவு வந்தா கணுக்காலுக்குப் போடற மாதிரி எட்டுப் போடணும். அவுருங்க எல்லாத்தையும்."

கையுறை மாட்டிக்கொண்டு, பாயை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். குழாயண்ணன் நாடாவை விட்டுக்கொடுக்க, அவர் சுற்றினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஜோடி கால்கள் மட்டும் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து வந்த பஸ்காரர் கால்களிடம் பேசினார்.

"வண்டிக்கு ஜுரமா? ரெண்டு பேரும் சேந்து போத்தி விடறீங்க?"

"ஜுரம் இறங்கக் கூடாதுன்னுதான் மச்சான் போத்தறோம்!"

எண்ணிக்கை இரண்டே முக்கால். கட்டு அவிழவில்லை, ஒரு சுற்றுகூட நகரவில்லை. ஆனால் வியாழக்கிழமை முழுக்கத் தலைகீழாக நின்றும் இரண்டே முக்கால் இரண்டே முக்காலாகவே நின்றது.

வெள்ளிக்கிழமையும் வேன் பகலெல்லாம் கடையில் இருந்ததால், மாலையில் மனைவியை அழைத்துவர அவரே போனார். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். வேலை விடும் நேரம். மற்ற நாட்களில் அந்த அகலமான இரட்டைக் கதவு வழியாக ஆட்கள் எப்படி வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும்: மூன்று பேர் நான்கு பேராக, நின்று பேசி, மறந்ததை எடுக்கத் திரும்பிப் போய், ஆடி அசைந்து. இன்று ஒரு கதவு பழுதாகித் தாழிட்டிருந்தது. திறந்திருந்த ஒற்றைக் கதவு வழியாக, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, விர் விர்ரென்று வந்து படியில் இறங்கினார்கள். பின்னால் வருகிறவர் இருக்கும்போது யாரும் வாசலில் நின்று பேச முடியாது.

அகலமான வழியில் யாருக்கும் அவசரமில்லை.

குழாயண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். நர்ஸம்மா வந்து ஏறியபோதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க தனியா சிரிக்கிறீங்க? மறை கழண்டு போச்சா?"

"கதவு பாதி சாத்தியிருக்கு!"

"அதுக்கு?"

"குழாயையும் சாத்தணும். ரொம்ப அகலமா வச்சுட்டேன்."

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது அவர் கடைப் பலகையைப் படித்தவர்களுக்குத் தெரியும். 'அகலக் குழாய், ஆனந்த ஓட்டம்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். இருபது வருடமாக வந்தவர்களுக்கெல்லாம் அதையே ஓதியவர், தன் வண்டிக்கும் பார்த்துப் பார்த்து மூன்று அங்குலக் குழாய் போட்டிருந்தார். புகையை வெளியே அனுப்ப அது சரி. ஆனால் இந்தப் புகை வெளியே போவதற்கு முன் ஒரு சக்கரத்தைச் சுற்ற வேண்டும். வேலைக்குப் போகிற புகை நடுவழியில் உலாவக் கூடாது. காற்றைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயும் அதே கதைதான். பெரிய அண்டா, அது நிறைந்த பிறகல்லவா என்ஜினுக்கு ஒரு வாய் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை அறுக்க உட்கார்ந்தார். அவர் போட்ட வெல்டிங், மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த அழகான வரிகள். அறுக்கும் கிரைண்டரை வைக்குமுன் விரலால் ஒருமுறை தடவிக்கொண்டார். அப்புறம் யோசிக்கவில்லை. மதியத்துக்குள் அகலக் குழாய் துண்டுகளாகச் சுவரில் சாய்ந்திருந்தது. மூன்று அங்குலம் இருந்த இடத்தில் இரண்டேகால். காற்று திரும்பி வரும் குழாய் இரண்டு அங்குலம். தேவையில்லாத இரண்டு வளைவுகள் போயே போய்விட்டன. மாலை நர்ஸம்மா வந்து புதுக் குழாய்க்கு மறுபடியும் கட்டுப் போட்டார். "மெலிஞ்சுட்டான், பாவம்" என்றார்.

ஞாயிறு காலை. ஓட்டுவது நர்ஸம்மா, பக்கத்தில் குழாயண்ணன், பின்னால் கையில் கடிகாரத்துடன் பஸ்காரர். எண்ணுகிற பொறுப்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் நடுநிலை" என்றார். ஒருவரும் நம்பவில்லை.

பெரிய சாலையின் விளிம்பில் வேன் நின்றது. ஒரு லாரி போனது. இன்னொன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். மிதித்தார்.

"ஒண்ணு," என்றார் பஸ்காரர். "ரெ..."

வேன் பாய்ந்தது. பஸ்காரரின் தலை சீட்டில் மோதி, கடிகாரம் மடியில் விழுந்தது. வாலிலிருந்து ஒரு மெல்லிய விசில் கிளம்பி, ஏறி, கூடவே ஓடிவந்தது. பின்னால் வந்த லாரி, கண்ணாடியில் ஒரு தீப்பெட்டியாக இருந்தது.

"எண்ணவே விடலையே!" என்றார் பஸ்காரர், தலையைத் தடவிக்கொண்டு. "ரெண்டு பாதியிலேயே நிக்குது."

"அப்ப பழைய சைலன்சர்?" என்று மெதுவாகக் கேட்டார் குழாயண்ணன். வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல மண்ணைப் போட்டு செடி வைங்க."

ஏற்றம் வந்தது, போனது. ஆஸ்பத்திரி வாசலும் வந்து போனது. இன்று நர்ஸம்மாவுக்கு விடுமுறை. மேட்டின் உச்சியில் வண்டியைத் திருப்பி, இறங்கி, வந்த வழியே சுற்றிக்கொண்டு மறுபடி அதே விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தினார்.

இரண்டு பக்கமும் சாலை வெறிச்சென்று கிடந்தது.

"ரோடு காலியாத்தானே இருக்கு, போ" என்றார் அண்ணன்.

"இருண்ணா," என்றார் நர்ஸம்மா, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "ஒரு லாரி வரட்டும்."