நாற்பத்தொன்றாம் நிமிடத்து நீலப் பட்டு

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இது நடந்தது. கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரம். 1988 பிப்ரவரி 13, சனிக்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

நடந்தது வெர்னா ஸ்டக்கிக்கு. என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தாள். பொய்யே பேசாதவள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே பொய்யை ஒன்பது வருஷம் விடாமல் சொன்னவள் அவள். ஆனால் என்னிடம் சொன்ன இது மட்டும் பொய்யில்லை.

டெல் ஹார்லன் என்ற பாடகன் கடைசியாகப் பாடியது எங்கள் ஊரில்தான். 1978 ஜூன். டிவிக்காரர்கள் படம் பிடித்தார்கள். அக்டோபரில் அது ஒளிபரப்பானபோது ஆள் மண்ணுக்குள் போய்விட்டான். உப்பிய முகமும் வேர்வையுமாக அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் அந்தக் கச்சேரியை வீடியோவாக விற்கவே மாட்டோம் என்று அவன் குடும்பம் சொல்லிவிட்டது. ரசிகர்களுக்குக் கிடைத்ததெல்லாம் டிவியிலிருந்து வீட்டு டெக்கில் பதிந்த கேசட்தான். எங்கள் ஊர் ரசிகர் மன்றத்தில் அப்போது டெக் இருந்தது ஆர்டிஸ் வீட்டில் மட்டும். அவள் பதிந்ததுதான் தாய் கேசட். அதிலிருந்து பிரதி எடுத்து நாடு முழுக்கத் தபாலில் அனுப்பும் வேலை வெர்னாவுடையது. சனிக்கிழமை மதியங்களில் இரண்டு டெக்குகளை வயரால் இணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஆர்டிஸ் அவளுக்கு உயிர்த்தோழி. கச்சேரி டிக்கெட்டுக்குப் பதினான்கு மணி நேரம் வரிசையில் நின்றவள் வெர்னா. அரங்கில் நடைவழி ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தவளோ ஆர்டிஸ்.

"முட்டி வலிக்குதுடி, கால் நீட்டிக்கிறேன், நீ உள்ளே தள்ளிக்கோ" என்றாள். வெர்னாவும் தள்ளிக்கொண்டாள்.

டெல்லுக்கு ஒரு வழக்கம். பாட்டுக்கு நடுவே கழுத்துப் பட்டுத் துணியால் வேர்வையைத் துடைத்து, முன்வரிசைப் பெண் ஒருத்திக்குக் கொடுப்பான். அன்று இறங்கி வந்து, ஆர்டிஸின் காதில் ஏதோ சொல்லி, நீலப் பட்டை அவள் கையில் வைத்தான். டிரம்ஸ் சத்தத்தில் அவன் சொன்னது வெர்னாவுக்குக் கேட்கவில்லை. ஆர்டிஸ் தலையாட்டினாள். பட்டைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

"என்ன சொன்னார்டி?"

"அது எனக்கும் அவருக்கும்."

வெர்னாவின் வயிறு அன்றைக்குப் பற்றி எரிந்தது. பிறகு அணையவே இல்லை.

தாய் கேசட்டில் அந்தக் காட்சி நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் வரும். சரியாக நாற்பது நொடி. வெர்னா ஒவ்வொரு பிரதியிலும் அந்த நாற்பது நொடிக்கு மட்டும் பதிவை நிறுத்திவைப்பாள். கேட்டால், "அங்கே டேப் தேஞ்சுபோச்சு" என்பாள். அறுபது எழுபது பிரதிகள் போயின. ஒன்றில்கூட ஆர்டிஸ் கிடையாது.

1988 ஜனவரியில் ஆர்டிஸ் மாரடைப்பில் இறந்தாள். மகள் ஜோலீன் அந்த நீலப் பட்டை அம்மாவின் மணிக்கட்டில் கட்டி அடக்கம் செய்தாள். வெர்னா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். 'அங்கேயும் கொண்டு போறியாடி' என்றுதான் நினைத்தாளாம். கண்ணீர் அதற்கப்புறம்தான் வந்ததாம்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சனிக்கிழமை. ஒமாஹாக்காரி ஒருத்திக்கு ஒரு பிரதி வேண்டியிருந்தது. மதியம் 12.05க்கு ஆரம்பித்தாள். நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் வழக்கம்போல நிறுத்தினாள். நாற்பது எண்ணினாள். மறுபடி ஓடவிட்டாள்.

1.20. பிரதியைச் சரிபார்த்தாள்.

அந்த நாற்பது நொடி... அதில் இருந்தது.

விரல் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேறு கேசட் போட்டாள். இந்த முறை பொத்தானிலிருந்து விரலையே எடுக்கவில்லை.

2.40. போட்டுப் பார்த்தாள்.

இருந்தது. ஆனால் ஆர்டிஸ் டெல்லைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் திரும்பியிருந்தாள். அங்கே மஞ்சள் சட்டையில் அழுதுகொண்டிருந்தது பத்து வருஷத்துக்கு முந்தைய வெர்னா.

ஆர்டிஸ் அவளிடம் பட்டை நீட்டினாள்.

வெர்னா தாய் கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். அதில் எல்லாம் பழையபடியே இருந்தது.

மூன்றாவது முறை. நாற்பதாம் நிமிடத்திலேயே இரண்டு டெக்குக்கும் நடுவிலிருந்த வயரைப் பிடுங்கிவிட்டாள். இனி எதுவும் பதிய வழியில்லை.

4.02. பிரதியை நேராக அந்த இடத்துக்கு ஓட்டினாள்.

நாற்பதாம் நிமிடம். வெறும் புள்ளிகள். ஸ்ஸ்ஸ்...

நாற்பத்தொன்று.

ஆர்டிஸ்.

டெல் இல்லை. கூட்டம் இல்லை. பெட்டிக்குள் பார்த்த அதே முகம். கை நேராக டிவிக் கண்ணாடியை நோக்கி நீண்டது. பட்டு கண்ணாடியில் உரசியது. சரக்... சரக்...

உதடு அசைந்தது.

"வாங்கிக்கோடி."

வெர்னாவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"செத்தும் காட்டிக்கிட்டு அலையறியா? நீயே கட்டிக்கோ! உன் எச்சில் எனக்கு வேணாம்!"

டெக் கிர்ர்ர் என்று இழுத்தது. நின்றது. 4.03.

அறையெங்கும் வேர்வையும் வாசனைத் தைலமும் கலந்த நெடி.

திங்கட்கிழமை ரிப்பேர்க்கார டுவேன் வந்து டெக்கைத் திறந்தார். "உள்ளே என்னத்தை விட்டீங்கம்மா?" என்று எதையோ இழுத்தார். நீலப் பட்டு. முழுசாக. ஈரமாக. வெர்னா அதை இரண்டு விரலால் பிடித்துப்போய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். மறுநாள் காலை 7.15க்குக் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போனது. தோழி தன்னைச் சீண்ட வந்தாள் என்றுதான் எட்டு வருஷம் நினைத்திருந்தாள்.

1996ல் டெல்லின் குடும்பம் மனம் மாறியது. ஒலியைச் சுத்தம் செய்து கச்சேரியை முறைப்படி வீடியோவாக வெளியிட்டார்கள். ஜோலீன் வீட்டில் மன்றம் கூடிப் பார்த்தது. நானும் இருந்தேன்.

நாற்பத்தொன்றாம் நிமிடம். டிரம்ஸ் அடங்கி, டெல்லின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இது உனக்கில்லம்மா. பக்கத்துல மஞ்சச் சட்டை, அழுதுட்டிருக்கே, அந்தப் பொண்ணுக்கு. குடுத்துடு."

ஆர்டிஸ் தலையாட்டினாள். தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

ஜோலீன் முகத்தை மூடிக்கொண்டாள். வெர்னா கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம தெருக் குப்பையெல்லாம் எங்கே கொண்டு போய்க் கொட்டுறாங்க, உங்களுக்குத் தெரியுமா?"