எழுபது பர்சன்ட்

சிவப்பு மையில் எழுதிய ஓர் எண், இத்தனை வருடம் கழித்தும் என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கட்டிலின் தலைமாட்டு அட்டையில் அதை எழுதியது நான்தான். 70%. சுற்றி ஒரு வட்டம் வேறு போட்டிருந்தேன்.

தீக்காய வார்டில் நான் நர்ஸாக இருந்த காலம் அது. பட்டாசு ஆலையில் விபத்து என்றால் வேன் வேனாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்பதுதான் எங்களுடைய முதல் கேள்வி. அந்த அளவே ஆளின் பெயராகிவிடும். நாற்பதுக்கு டிரிப் மாத்து, அறுபதுக்குக் கட்டு முடிஞ்சதா என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்போம். அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. என்ன ஜென்மமோ நான்!

ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வந்த ஓர் அக்காதான் எங்களுக்கு எழுபது. மூன்றாம் நாள் காலை அவருடைய கணவர் இளநீரோடு வார்டு வாசலில் வந்து நின்றார். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி கேட்க, "எழுபது பர்சன்ட்டோட வீட்டுக்காரன் சார்" என்றார். பாவம், அப்படிச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள் என்று இரண்டே நாளில் பழகியிருந்தார். அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. கட்டு மாற்றிக்கொண்டிருந்த என் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"பட்டாசுக் கம்பெனியில வேல பாத்த ரூம வச்சு நாலாம் ரூம்னு கூப்பிட்டாக. இங்கன எழுபதுன்னு கூப்பிடுறீக. இப்ப கட்டுன மனுசனும் அதையே சொல்றாரு. எம்பேரச் சொல்லி ஒருக்கா கூப்பிடுங்க தாயி."

அதுவரை வலிக்கிறது என்றுகூட வாய் திறக்காதவர். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெயர் அந்த அட்டையிலேயே இருந்தது, என் சிவப்பு வட்டத்துக்கு மேலே, நீல மையில், பொடி எழுத்தில். நிமிர்ந்து பார்த்தால் போதும். அதற்குள் அடுத்த கட்டிலில் யாரோ அலற, இந்தா வந்துட்டேன்க்கா என்று ஓடினேன். அன்று முழுக்க ஓட்டம்தான். மறுநாள் காலை போனபோது கட்டிலில் புது விரிப்பு, தலைமாட்டில் புது அட்டை.

இப்போது விருதுநகரில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறேன். நோயாளியின் உரிமைகள் என்ற பாடம் வந்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. சிகிச்சை பெறும் உரிமை, விவரம் அறியும் உரிமை என்று பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். மருந்து, கட்டு, டிரிப் எல்லாம் அந்த அக்காவுக்கும் குறைவில்லாமல்தான் கொடுத்தோம். அவர் வாய்விட்டுக் கேட்டது அது எதுவுமில்லை. அவரும் ஒரு மனுஷி என்று நாங்கள் நினைத்திருந்தால் அவர் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.

போன வாரம் இதைச் சொல்லி முடித்தபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், அந்த அக்கா பேரு என்ன?"

வாயைத் திறந்தேன். அட்டை கண்முன்னே வந்து நின்றது. சிவப்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று நான் அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கவே இல்லை.