ஜல்லிக்கட்டுத் தெருவில் ஜீப் வந்த கதை

பிரியமானவர்களே, இன்று உங்கள் முன் நிற்கிற நான் சில மாதங்களுக்கு முன் குற்றவாளிக் கூண்டில் நின்றவன். அவனியாபுரத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பொங்கலன்று காலையில் போலீசார் ஜீப்பில் வந்து, என் பட்டறையைச் சோதனை போட்டு, ஒரு சாக்கு மதுபாட்டில் எடுத்தார்களாம். பட்டறையோ அன்று பூட்டிக் கிடந்தது. குடிக்காத மாப்பிள்ளை என்றுதான் எனக்குப் பெண்ணே கொடுத்தார்கள்.

வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். போலீஸ் சாட்சி ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் எழுந்து, "கேள்வி இல்லை" என்பார். அவர் கேட்டதெல்லாம் என்னிடம் டீ மட்டும்தான். நான் வாயெடுத்தால், "பேசாம இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். இரண்டு வருஷம் தண்டனை விழுந்தது.

அப்பீல் செய்ய அவகாசம் கொடுத்து வெளியே விட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் என் மனைவி ஸ்டெல்லா ஜெபித்தாள். அவள் ஜெபம் உங்களுக்கே தெரியும். எல்லாம் அறிந்தவருக்கே தெரு அடையாளம் சொல்வாள்.

"அப்பா, அன்னைக்கு ஜல்லிக்கட்டுன்னு எங்க தெருவையே அடைச்சிருந்தாகளே. பட்டறை வாசல்ல சவுக்குக் கம்பு கட்டி சைக்கிளக்கூட விடலையே. அம்புட்டு சனமும் பாத்துச்சே. ஜீப் எப்படிப்பா உள்ள வரும்?"

உபவாசம் முடிக்க வைத்த டீ வெளியே ஆறிக்கொண்டிருந்தது. சுருக்கமாக முடி என்று நான் அவள் முந்தானையை இழுத்தேன். அவள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

ஆமென் சொன்னதும், விருந்தாளியாக வந்து கடைசி வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார்.

"அண்ணே, இதக் கோர்ட்டுல சொன்னீகளா?"

"எங்க சொல்ல விட்டாகம்மா?"

"நான் வக்கீல்தான். கேஸ் கட்ட எடுத்துக்கிட்டு வாங்க."

அப்பீலில் அந்த அம்மா இரண்டே விஷயம் சொன்னார். சோதனை சட்டப்படி நடக்கவில்லை, தெருக்காரர் ஒருவர்கூட அதற்குச் சாட்சி இல்லை. முதல் வக்கீல் ஒரு கேள்வியும் கேட்காததால் எனக்கு வக்கீல் இருந்தும் இல்லாத மாதிரிதான். நீதிமன்றம் ஒத்துக்கொண்டு, சோதனை போட்ட போலீஸ் அதிகாரியை மறுபடி கூண்டில் ஏற்றியது. ஜீப்பை எங்கே நிறுத்தினீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

"நேரா பட்டறை வாசல்லயே ஜீப்பை நிறுத்துனோம்" என்றார் அவர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஜல்லிக்கட்டு அன்னைக்கு, அந்தத் தெருவுலயா? ஜீப்புக்கும் டோக்கன் வாங்கினீங்களா?"

களத்தில் அவிழ்த்துவிடும் காளைக்குத்தான் டோக்கன் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? கோர்ட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுதலை என்று தீர்ப்பு வந்தபோது அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என் பழைய வக்கீலுக்காகவும் ஜெபிக்கிறேன். ஆண்டவர் அவருக்கு ஒரு கேள்வியாவது அருளட்டும். உங்களுக்கும் கஷ்டம் இருந்தால் ஒன்றையும் விடாமல் அவரிடம் சொல்லுங்கள், வாய்விட்டே சொல்லுங்கள். கடைசி வரிசையில் யாரை உட்கார வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

இப்போது ஸ்டெல்லா ஜெபிக்கப் போகிறாள். யாரும் எழுந்திருக்க வேண்டாம். டீ ஆறினால் ஆறட்டும்.