தரைக்கடியில் தட்டிய நைனா

என் அப்பா பெயர் கன்னியப்பன். எனக்கு நைனா. அவரை நினைத்தாலே முதலில் பனிதான் கண்ணுக்கு வரும். மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கத்துப் பக்கம் அந்தக் காலத்துப் பனி சாமானியமானதா! விடியலில் எங்கள் மூங்கில் தட்டி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். சுரங்க இருட்டுக்கு வேண்டிய மெழுகுவத்திக் கட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நைனா அந்த வெள்ளைக்குள் ஷிப்டுக்குப் போவார். நாலடி வைப்பதற்குள் ஆளே கரைந்துபோவார். நிஜமாகவே போனாரா, கனவில் கண்டேனா என்று எனக்கு விளங்காது.

அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்தாள். குடியாத்தம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த மனுஷன், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன பாடு பட்டிருப்பார்! அவர் சுரங்கத்தில் இருக்கும் நேரம் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா என்னைப் பார்த்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்துவிட்டால் நான் அவர் மடியில்தான். களி கிண்டுவார், தலை பின்னுவார். பின்னல் கோணல்மாணலாகத்தான் வரும். அதைக் கேலி செய்தவளோடெல்லாம் சண்டைக்குப் போவேன். இன்றைக்கும் போவேன்.

சுரங்கத்துக்குள் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் மேலே தரை அதிரும், சட்டிபானை ஆடும். பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு, ஆட்கள் இறங்கி ஏறும் ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். நான் மட்டும் ஓடமாட்டேன். நைனா சொல்லியிருந்தார்:

"அது ஒண்ணுமில்ல கண்ணு. நான்தான் கீழேர்ந்து சுத்தியால தட்டறேன். 'தாயி, இன்னா பண்றே'ன்னு கேக்கறேன்."

நம்பினேன். தரை ஆடினால் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைப்பேன். எங்கோ ஆழத்தில் அவர் என்னைக் கூப்பிடுவது போலிருக்கும். அப்படியே தூங்கியும் போவேன். எனக்குப் பயம் என்பதே தெரியக் கூடாது, அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

எனக்கு ஆறேழு வயது இருக்கும். ஒருநாள் காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல், எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். தரை அதிர்ந்தது. நான் சட்டென்று திரும்பினேன்.

"நைனா, நீ இங்க கீறியே. அப்போ தட்டறது யாரு?"

பின்னலைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே பாப்பம்மா, "ஐயோ, என் ஊட்டுக்காரரு உள்ள கீறாரே!" என்று கதறிக்கொண்டு ஓடினாள். நைனாவும் காய்ச்சலோடு பின்னாலேயே ஓடினார். சாயங்காலம் பாப்பம்மா புருஷனைக் கால் முறிந்து தூக்கி வந்தார்கள். கூட இருந்தவர்கள் உயிரோடு வரவில்லை. எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பியவர் வாசலிலேயே நின்றார். போகாவிட்டால் அடுப்பு எரியாது. என் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பாவி மனுஷன், எனக்காகச் சொன்ன பொய்க்கு என்னிடமே வெட்கப்படுகிறார்! போகாதே என்று காலைக் கட்டிக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றியது.

"நைனா, இன்னிக்கி நல்லா பலமா தட்டு. மெல்ல தட்டினா எனக்குக் கேக்க மாட்டேங்குது."

குனிந்து என் உச்சியை முகர்ந்தார். "சரி கண்ணு" என்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் கீழே போய் வந்தார். தரை ஆடும்போதெல்லாம் ஷாஃப்ட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவள் நான்தான். கூட்டத்தில் ஒளிந்து நிற்பேன். ஆட்களை மேலே ஏற்றிவரும் கூண்டில் அவர் தலை தெரிந்ததும், குறுக்குவழியாக வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் மாதிரி அடுப்பெதிரில் உட்கார்ந்துவிடுவேன்.

"கேட்டுச்சா கண்ணு?" என்று நுழைவார்.

"கேட்டுச்சு நைனா."