பத்து சென்டிமீட்டர் குறைந்த கோல்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரே மில்லி என்றுதான் கூப்பிடும். வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எது செய்தாலும் ஒரு மில்லிமீட்டர் பிசகாது என்று பெயர். எனக்கு அவர் அத்தான். அவருடைய கதையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் குடியிருப்பின் ஃபுட்பால் கிளப்பின் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூடவே வரும்.

குழாய்த் தொழிற்சாலையின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் திடல்தான் கிளப்பின் சொத்து. கிளப்பை ஆரம்பித்த பதினொரு பேரில் மூன்று பேர் எனக்குச் சொந்தம். நான்காவது ஆளை என் சித்திக்குப் பேசி, பையன் எப்போது பார்த்தாலும் முழங்காலில் கட்டோடு இருக்கிறான் என்று விட்டுவிட்டார்கள். முதல் சீருடையைச் சோஃபா தைக்கும் கடையில் மிஞ்சிய பச்சைத் துணியில் தைத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடியவர்களில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். எதிரணிக்காரர்களே தூக்கிவந்து தண்ணீர் தெளித்தார்கள். இருந்தாலும் அந்தப் பச்சையை இன்று வரை மாற்றவில்லை.

கோல் கம்பங்கள் அப்போது மூங்கில். ஒரு நாள் பந்து பட்டு மேல் மூங்கில் கழன்று கோல்கீப்பர் தலையில் விழுந்தது. மனிதர் பந்தைப் பிடித்துவிட்டார், தலையில் மூன்று தையல். அதன் பிறகுதான் கிளப் செயலாளரான சைக்கிள் கடைக்காரர் அத்தானிடம் வந்தார்.

"இரும்புல ரெண்டு கோல் அடிச்சுக் குடுங்க. இனிமே பந்து விழுந்தாலும் விழட்டும், கம்பம் விழக்கூடாது."

அத்தானுக்கு அப்போது முப்பது வயது. டேப்பின் நுனியில் ஒரு கொக்கி இருக்கும் இல்லையா, அது பழைய டேப்பில் ஆடும். ஆடினால் அளவு தப்பும். அதனால் கைத்தொழில்காரர்கள் நுனியை விட்டுவிட்டுப் பத்து என்ற கோட்டிலிருந்து அளப்பார்கள். கடைசியில் மறக்காமல் பத்தைக் கூட்டிக்கொள்வார்கள். கோலின் அகலம் எழுநூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர். ஆகவே டேப்பில் எழுநூற்று நாற்பத்திரண்டில் வெட்ட வேண்டும். காலையில் முதல் கோலை அப்படித்தான் வெட்டினார்.

இரண்டாவதுக்குக் குழாயைப் போட்டு, டேப்பை நீட்டி, சாக்பீஸைக் கையில் எடுத்த நேரத்தில் நான் பட்டறைக்குள் ஓடினேன்.

"அத்தான், பொண்ணு பொறந்திருக்கு! அக்கா நல்லா இருக்கா!"

மனிதர் எழுநூற்று முப்பத்திரண்டில் கோடு போட்டு, அறுத்து, இயந்திரத்தை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆக, இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது எனக்கே தெரிந்தது இருபத்தெட்டு வருஷம் கழித்து.

மறுநாள் பற்ற வைத்து, வண்ணம் அடித்து, திடலில் குழி தோண்டிச் சிமெண்டும் போட்டாகிவிட்டது. சாயங்காலம் பட்டறையைக் கூட்டும்போது வெட்டி எறிந்த இரண்டு துண்டுகள் தரையில் கிடந்தன. இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டியவை. ஒன்று மற்றதைவிடப் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. துண்டு கூடினால் கோல் குறைந்திருக்கிறது என்று அத்தானுக்கு அப்போதுதான் புரிந்தது.

திறப்பு விழாவன்று சொல்லிவிடலாம் என்றுதான் போனாராம். மேடையில் செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம வெல்டர் வேலைன்னா ஒரு மில்லி பிசகாது!" என்று முழங்கினார். ஜனம் கை தட்டியது. மில்லி என்ற பெயர் பிறந்தது அன்றைக்குத்தான். அத்தான் வாயைத் திறக்காமல் வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பெண் பிறந்த சந்தோஷம் என்று நாங்கள் நினைத்தோம்.

குறைந்த கோல், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்தது. தொட்டி ஒழுகி அங்கே எப்போதும் சேறு. லீக் அதிகாரிகள் அளக்க வந்தால், பளபளக்கும் ஷூவைப் பார்ப்பார்கள், சேற்றைப் பார்ப்பார்கள், சாலைப் பக்கக் கோலை மட்டும் அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அத்தானோ எந்தப் போட்டி என்றாலும் தொட்டிப் பக்கக் கோலுக்குப் பின்னால்தான் நிற்பார். அங்கே பந்து கம்பத்தில் பட்டால் போதும், யார் அடித்ததானாலும் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆட்டத்தின் மேல் என்ன ஒரு பாசம் என்று கிளப்பில் அவருக்கென்று தனியாக ஒரு நாற்காலியே போட்டார்கள்.

இப்படியே ஓடியிருக்கும். நடுவில் அந்தக் கோப்பை இறுதி ஆட்டம் வந்தது. எதிரணி பால் டிப்போக்காரர்கள். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷத்தில் நமக்குப் பெனால்டி, அதுவும் தொட்டிப் பக்கம். அடிக்க வந்தவன் என் நாத்தனார் மகன். இருபத்து நாலு வயசு, பஸ் கண்டக்டராகச் சேர்ந்து மூன்று மாதம். பந்து கோல்கீப்பரைத் தாண்டியது. வலது கம்பத்தில் டங் என்று பட்டுத் திரும்பியது. அடுத்து நடந்த கூடுதல் நேரத்தில் டிப்போக்காரர்கள் ஒன்று போட்டுக் கோப்பையைக் கொண்டுபோனார்கள்.

கூட்டம் கலைந்ததும் அத்தான் கம்பத்தில் இருந்த சேற்று அடையாளத்தை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறார். பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தும் பார்த்திருக்கிறார். குறைந்த பத்தும் வலது பக்கத்தில்தான் குறைந்திருந்தது, ஏனென்றால் இடது குழியை முதலில் தோண்டி அங்கிருந்து அளந்தார்கள். கம்பம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் பந்து உள்ளே. சந்தேகமே இல்லை.

அன்றிலிருந்து கண்டக்டருக்குப் பெயர் கம்பம். பஸ்ஸில் ஏறுகிறவன் எல்லாம், "கம்பம், டிக்கெட்டை என் கையில குடு, பக்கத்துல அடிச்சிடாத" என்பான். பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனார் ஆகப்போகிறவர், "தம்பி, அன்னிக்கு இடது பக்கம் அடிச்சிருக்கலாம்" என்று ஆரம்பித்தார். கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் அவன் திடல் பக்கமே வருவதில்லை. வேலைக்குப் போகத் தொழிற்சாலையைச் சுற்றிக்கொண்டு போவான்.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? அவன் வீட்டுக்குக் கேட் செய்து கொடுத்தார். பிறகு ஜன்னல் கம்பி. பிறகு கட்டில், ஊஞ்சல், மொட்டை மாடிக்கு வேலி. ஒன்றுக்கும் கூலி வாங்கவில்லை. என் நாத்தனாரே என்னிடம் வந்து புலம்பினாள்.

"உங்க அத்தானுக்கு என்ன ஆச்சு? வீடு ஜெயில் மாதிரி ஆயிடுச்சு. நேத்து கோழிக்கூட்டுக்கு ரெட்டைக் கதவு கொண்டு வந்துட்டாரு. எங்ககிட்ட கோழியே இல்லையே!"

கிளப்புக்கு ஐம்பது வயது ஆனபோது அலுமினியக் கோல்கள் வந்தன. செயலாளர், எழுபது வயதிலும் அதே மைக் ஆசையோடு, பட்டறைக்கு வந்தார்.

"மில்லி, பழைய ரெண்டு கோலையும் பேத்துக் கொண்டாரச் சொல்லிட்டேன். கிளப் வாசல்ல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வளைவு மாதிரி நிறுத்திடுங்க. உங்க பேரு நிக்கட்டும்."

ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நிறுத்தினால் கண் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடுமே! அத்தானுக்கு இரண்டு வழிதான் இருந்தது. நல்ல கோலில் பத்தை அறுத்தால் இரண்டும் சமமாகிவிடும், யாருக்கும் தெரியாது, மில்லி மில்லியாகவே இருக்கலாம். இல்லையென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

அறுக்கத்தான் உட்கார்ந்தார். கோடும் போட்டுவிட்டார். நானும் அக்காவும் டீ கொண்டுபோன நேரம் அது.

"நல்லா இருக்கறதை எதுக்கு அறுக்கறீங்க?" என்றாள் அக்கா.

"சும்மா."

"இரும்பை யாராவது சும்மா அறுப்பாங்களா?"

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்துக் கதையும் வெளியே வந்தது. அக்கா முழுவதும் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வந்ததோ கோபம்.

"இத்தனை வருஷமா, குழம்புல உப்பு கொஞ்சம் கூடினா, அளவுன்னா என்னன்னு தெரியுமாடின்னு கேட்டீங்களே! பத்து சென்டிமீட்டரை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா கேட்டீங்க?"

"தப்புதான்."

"தப்பு டேப்புல இல்ல. அந்தப் பையன் ஊரைச் சுத்திப் போறான் பாருங்க, அதுதான் தப்பு. இப்பவே போய்ச் சொல்லுங்க."

"கூட வர்றியா?"

"தங்கச்சி வருவா. அவதானே அன்னிக்கு ஓடி வந்து கெடுத்தா."

அப்படித்தான் நானும் பஸ் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். அவன் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று பிதுங்கி வந்தான். இப்போது நாற்பத்தாறு வயது, தொப்பை வேறு.

"எங்க மாமா போகணும்?"

"எங்கயும் போகலை மாப்பிள்ளை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கேட்டா? வேண்டாம் மாமா, இருக்கற கேட்டையே பூட்ட சாவி தேடிட்டு இருக்கோம்."

"கேட் இல்ல. கோல். அந்தக் கோல் பத்து சென்டிமீட்டர் கம்மி. நான்தான் தப்பா வெட்டினேன். நீ அடிச்சது கோலுதான்."

அவன் அவரையே பார்த்தான். பிறகு விசில் அடித்தான். வண்டி நின்றது. அங்கே ஸ்டாப்பே கிடையாது. டிரைவர் திரும்பி, "யாரு இறங்கணும்?" என்று கத்தினார்.

"யாரும் இறங்க வேண்டாம்," என்றான் அவன். "மாமா, இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க. பின்னாடி சீட்டுக்காரங்களுக்குக் கேக்கலை."

அத்தான் சத்தமாகச் சொன்னார். நடு வழியில், எழுபது பேர் முன்னால், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஒரு கிழவர், "மில்லிக்குத் தப்பு வருமா? வெயில்ல இரும்பு சுருங்கியிருக்கும்" என்றார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் வண்டி இரண்டு கட்சியாகிவிட்டது.

"நான் என்ன செய்யணும் மாப்பிள்ளை, சொல்லு," என்றார் அத்தான்.

"கோலைச் சரி பண்ணுங்க. அதே இடத்துல நடுங்க. நான் திரும்ப அடிக்கணும்."

அத்தான் அந்தப் பழைய துண்டை வீசவே இல்லை. பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அதிலிருந்து பத்தை அறுத்துக் குறைந்த கோலில் ஒட்டினார். இந்தத் தடவை டேப்பின் ஒரு நுனியை அக்கா பிடித்துக்கொண்டாள்.

ஐம்பதாம் ஆண்டு விழாவன்று ஊரே தொட்டிப் பக்கம் சேற்றில் நின்றது. பால் டிப்போவின் பழைய கோல்கீப்பரையும் கூட்டி வந்திருந்தார்கள். முட்டி வலிக்காரர், கையூன்றிக் குனிந்தார். செயலாளர் மைக்கில் எதையோ ஆரம்பிக்க, அக்கா எழுந்துபோய் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். கண்டக்டர் யூனிஃபார்ம் பேண்ட்டை மடித்துவிட்டுப் பந்தை வைத்தான். பின்னால் நடந்தான். ஓடி வந்தான். அடித்தான்.

பந்து வலது கம்பத்தில் படவில்லை. இடது கம்பத்திலும் படவில்லை. கோலுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் பறந்து, தொட்டியைத் தாண்டி, சலவைக்காரர் காயப் போட்டிருந்த போர்வைகளுக்குள் போய் விழுந்தது.

அத்தான் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மெதுவாக நடந்து அவன் பக்கத்தில் வந்தார்.

"உயரத்துல தப்பு இல்ல மாப்பிள்ளை," என்றார். "அதைச் சரியாத்தான் அளந்தேன்."

முதலில் சிரித்தது அவன்தான். சேற்றிலேயே உட்கார்ந்து, தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பிறகு ஊர் சிரித்தது. கோல்கீப்பர் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே சிரித்தார்.

இப்போது இரண்டு கோலும் கிளப் வாசலில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிற்கின்றன. பின்னால் இருப்பதில் ஒட்டின இடம் மோதிரம் மாதிரி தெரியும். அத்தான் அதை மட்டும் தேய்த்து மறைக்கவில்லை. மில்லி என்ற பெயர் போகவில்லை. கம்பம் என்ற பெயர் போய்விட்டது. பஸ்ஸில் அவனை இப்போது போர்வை என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு அவன் கோபப்படுவதில்லை. அந்த உதை அவன் உதைத்ததுதான், அளவில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு தோறும் ஆட்டம் பார்க்க வருகிறான், தொழிற்சாலையைச் சுற்றாமல் நேர் வழியில். உட்கார நாற்காலி இல்லை என்று போன வாரம் அத்தானிடம் சொல்லி வைத்தான். நேற்று ஒன்று செய்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இரும்பு நாற்காலி. நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.