வாய் திறந்த மடிக்கணினி

ருக்கியா டீச்சரின் மடிக்கணினி ஒரு மூச்சுக்கு நாற்பது நிமிடம்தான் பேசும். திரையில் இருப்பதை ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்துக்கொண்டே வந்து, நாற்பதாவது நிமிடம் வாயை மூடிக்கொள்ளும். பார்வை இல்லாதவர்களுக்கான அந்த மென்பொருளை விலை கொடுத்து வாங்கினால் நாள் முழுக்கப் பேசுமாம். அந்த விலையைக் கேட்டால் பார்வை உள்ளவர்களுக்கே கண் இருட்டிவிடும். ஆகவே டீச்சர் இலவச மாதிரியை வைத்துக்கொண்டு, அது ஊமையாகும்போதெல்லாம் கணினியை அணைத்து மறுபடி போடுவாள். பதினொரு வயதான அந்தக் கிழட்டு எந்திரம் சோம்பல் முறித்து எழுவதற்குள் பாத்திரம் கழுவிவிடலாம். பல நாள் கழுவியும் இருக்கிறாள்.

மலையாளம் அதற்குச் சுத்தமாக வராது. மலையாளத்துக்குப் பீரான் இருந்தான். வண்டூர் பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஓட்டும் பீரான், கல்யாணமான நாளிலிருந்து பதினெட்டு வருடமாக அவளுக்கு வாசித்துக் காட்டுகிறான். பத்திரிகை, பிள்ளைகளின் விடைத்தாள், வளைகுடாவில் இருக்கும் அப்பாமார் அனுப்பும் மின்னஞ்சல் என்று எதுவானாலும் அவன் வாய் வழியாகத்தான் அவள் காதுக்கு வரும். நன்றாகவும் வாசிப்பான். மரண அறிவிப்புக்கு ஒரு குரல், கால்பந்துச் செய்திக்கு ஒரு குரல். ஆனாலும் தனக்கு வந்ததைத் தான் முதலில் அறிய முடியவில்லையே என்பது செருப்புக்குள் சிக்கிய மணல் போல ருக்கியாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சொன்னால் மனுஷன் நொந்துபோவான் என்று சொல்லவில்லை.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு அரையாண்டு வினாத்தாள் தயாரிக்கும் வேலை அவளுக்கு வந்தது. இத்தனை வருடமும் வரிசை அவள் பெயரைத் தாண்டித்தான் போயிருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான், தாள் வேறொருவர் கண்ணில் படக்கூடாது. கேட்டதும் பீரான் சிரித்தான்.

"நான் பத்தாங்கிளாஸ் பெயிலு. என் கண்ணுல பட்டா என்ன ஆயிடப்போவுது?"

"பட்டா அது என் தாள் இல்ல இக்கா. நம்ம ரெண்டு பேர் தாள்."

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

பள்ளியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் வாத்தியார் தினேசன் மாஷ். அந்த அறையின் எந்திரங்களெல்லாம் எத்தனையோ வருடமாக லினக்ஸ் என்ற இலவசச் சிஸ்டத்தில்தான் ஓடுகின்றன. உலகத்தில் வேறு சிஸ்டமும் இருக்கிறது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கல்யாண வீடியோக்காரர் கடையில்தான் தெரிந்துகொள்வார்கள். மாஷுக்கோ யார் வீட்டில் பழைய கணினி படுத்துக் கிடந்தாலும் லினக்ஸ் போட்டு எழுப்பிவிடாமல் சோறு இறங்காது. விஷயத்தைக் கேட்டதும், அதிலே வாசிக்கும் குரல் கூடவே வரும், மலையாளமும் பேசும், ஊமையாகாது, காசும் வேண்டாம் என்று அடுக்கினார். மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

ருக்கியா வைக்கவில்லை. "நானே போட்டுக்கறேன் மாஷே. நீங்க போட்டுக் குடுத்தா, நாளைக்கு நின்னுபோனா மறுபடி ஆள் தேடணும்."

மாஷ் தலையைச் சொறிந்தார். சிக்கல் தொடக்கத்தில் இருந்தது. எந்தச் சிஸ்டமும் எழுவதற்கு முன்னால் கணினி ஒரு பட்டியலைக் காட்டும், எதிலிருந்து எழட்டும் என்று. அந்த இடத்தில் உலகத்தின் எந்தக் குரலும் வேலை செய்யாது. கண்ணால் பார்த்துத்தான் லினக்ஸ் இருக்கும் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"எத்தனாவது வரின்னு சொல்லுங்க, எண்ணிக்கறேன்" என்றாள். பேருந்திலிருந்து இறங்கிப் பள்ளிக்கூட வாசல் வரை எண்ணி நடக்கிறவளுக்கு இது என்ன பெரிய தூரம்? மாஷ் அறையில் இருந்த அதே கம்பெனி மடிக்கணினியில் பார்த்துச் சொன்னார்: எஃப் பன்னிரண்டை அழுத்து, கீழ் அம்பு இரண்டு தடவை, என்டர், பிறகு நூறு எண்ணிவிட்டு, விசைப்பலகையில் குரலை எழுப்பும் மூன்று சாவி. அவள் கெட்டி அட்டையில் பிரெய்லில் குத்திக்கொண்டாள். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவையும், தன் கோப்புகளைப் பத்திரப்படுத்திய இன்னொன்றையும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அரிசிப் பத்திரி தின்று முடித்ததும் உட்கார்ந்தாள். பீரான் எதிரே உட்கார்ந்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

அழுத்தினாள், இரண்டு தடவை இறங்கினாள், என்டர் தட்டி எண்ணினாள். நாற்பதை எட்டுமுன் பழைய சிஸ்டத்தின் வரவேற்பு மணி ஒலித்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே மணி. மூன்றாவது தடவையும் அந்த மணி பல்லைக் காட்டியது. பீரானுக்குத் திரை தெரிந்தது, அவள் ஒரு வரி முன்னாலேயே நின்றுவிடுகிறாள் என்பதும் தெரிந்தது. நாலாவது தடவை இரண்டாம் அம்பில் அவன் இருமினான்.

"இருமாதீங்க."

"தொண்டை புள்ளே."

"உங்க தொண்டையை எனக்குப் பதினெட்டு வருஷமாத் தெரியும்."

கையை எடுத்துவிட்டு யோசித்தாள். மடிக்கணினியின் ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே போனாள். வலப்பக்கம் சி.டி. போடும் தட்டு கையில் தட்டுப்பட்டது. மாஷின் எந்திரத்தில் அது உண்டா? கணினி அறையில் ஒரு நாளும் அவள் கையில் பட்டதில்லை. அப்படியானால் பட்டியலில் அதற்கும் ஒரு வரி இருக்கும். ஐந்தாவது தடவை மூன்று அம்பு இறங்கினாள். மணி ஒலிக்கவில்லை. நூறு எண்ணி மூன்று சாவியைச் சேர்த்து அழுத்தினாள். மூக்கடைத்த கண்டக்டர் மாதிரி ஒரு குரல், திரை வாசிப்பான் தயார் என்று ஆங்கிலத்தில் சொன்னது. ருக்கியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மீதி வேலை எளிது. குரல் ஒவ்வொன்றாகக் கேட்டது, அவள் சாவியைத் தட்டிப் பதில் சொன்னாள். பழையதை அழிக்கட்டுமா என்று கேட்டபோது இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, அழி என்றாள். மதிய லுஹர் தொழுகை முடிந்து வந்தபோது மடிக்கணினி புதுச் சிஸ்டத்தில் எழுந்திருந்தது. குரலை மலையாளத்துக்கு மாற்றினாள்.

முதலில் எதை வாசிக்கச் சொல்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மின்னஞ்சலில் அவள் தனியாக எடுத்துவைத்த நாலு கடிதங்கள் உண்டு. பதினொரு வருடத்துக்கு முன், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஜித்தாவிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகளின் அப்பாமார் எழுதியவை. முதல் கடிதம் மனப்பாடம். காப்பாட்டுக் கடற்கரையில் மிளகுக்காகப் போர்ச்சுகீசியன் இறங்கிய கதையை என் மகள் வீட்டில் தினமும் சொல்கிறாளாம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது டீச்சர். வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றிய நாளிலெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்வாள்.

"ருக்கியா, அது அப்புறம் கேக்கலாம். சுலைமானி டீ குடி" என்றான் பீரான். குரலே சரியில்லை. அதற்குள் அவள் தட்டிவிட்டாள்.

மூக்கடைத்த குரலுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒரே தாளத்தில் வாசித்தது. "கண் தெரியாதவரை வகுப்பாசிரியராகப் போட்டது யார். பிள்ளைகள் பின்பெஞ்சில் விளையாடுகிறார்கள். என் மகளைப் பி டிவிஷனுக்கு மாற்றாவிட்டால் மேலே புகார் எழுதுவேன்."

அந்தப் பெண் பி டிவிஷனுக்குப் போனது ருக்கியாவுக்கு ஞாபகம் இருந்தது. வேன் நேரம் ஒத்துவராததுதான் காரணம் என்று அன்றைக்குச் சொன்னதும் பீரான்தான்.

அவள் கை சாவிகளின் மேல் அப்படியே கிடந்தது. "அந்தக் காப்பாட்டுக் கதை?"

"நீ அந்த வாரம் பூரா வீட்டுல அதைத்தான சொல்லிக்கிட்டிருந்த. அதை எடுத்துப் போட்டேன்" என்றான். "வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆவல. இதை வாசிச்சா நீ மறுநாள் போயிருக்க மாட்ட."

"போயிருப்பேனா மாட்டேனான்னு நான் சொல்லணும் இக்கா. நீங்க இல்ல." அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது. பதினொரு வருடம் தாங்கிப் பிடித்த சுவர் வெறும் அட்டையா? "மீதி மூணு?"

பீரான் சுலைமானிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் இயர்போனைத் தேடியெடுத்துச் செருகினாள்.

இப்போது குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. திரையில் எந்தக் கடிதம் திறந்திருக்கிறது என்பதைப் பீரான் பார்க்கலாம், பார்த்தான். இரண்டாவது. மூன்றாவது. அவள் முகத்தில் மட்டும் எதையும் வாசிக்க முடியவில்லை. நாலாவதுதான் மோசமானது. அதை வாசித்த அன்று அவன் ஆட்டோவைக் கருவாரக்குண்டு வரை சும்மாவே ஓட்டிக்கொண்டு போய்வந்தான். அந்த நாலாவதை அவள் முடிவு வரை கேட்டாள். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டாள்.

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகப் பீரான் கேட்டான். "என்ன எழுதியிருக்கு?"

ருக்கியா இயர்போனைக் கழற்றினாள்.

"காப்பாட்டுல இறங்கின கதையை அவர் மகனும் வீட்டுல தினமும் சொல்றானாம். நன்றி சொல்லியிருக்காரு" என்றாள்.

பீரான் எழுந்தான். "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சுலைமானியைச் சூடாக்க அடுப்படிக்குப் போனான். அவள் புதுப் பக்கத்தைத் திறந்து, முதல் வினாவைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.