மாரடைப்பு என்று சொன்ன வீடு

கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளில் துர்காதேவி என்றால் யாருக்கும் தெரியாது. 'சோலார் அம்மா' என்றால் செக்யூரிட்டியே கேட்டைத் திறந்துவிடுவார். வயது நாற்பத்து நான்கு. பத்தாவது வரை படிப்பு. தோளில் ஒரு நீளப் பை, அதற்குள் பழைய சேலையில் சுற்றிய கருநீலக் கண்ணாடிக் குழாய். குடியிருப்போர் சங்கத் தலைவரை எப்படியாவது மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவாள். குழாயில் தண்ணீர் ஊற்றி வெயிலில் சாய்த்து வைப்பாள். ஒரு மணி நேரம் கழித்து, "கைய வுட்றாதீங்க சார், வெந்துடும்" என்று சொல்லியபடி ஒரு குவளையில் ஊற்றிக் காட்டுவாள். ஆவி பறக்கும். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதியை அவளே கெடுத்துக்கொள்வதாக சோலார் வெந்நீர்த் தொட்டி விற்கும் முதலாளி தாமோதரன் புலம்புவார். யாரும் கேட்பதற்கு முன்பே, "மூணு நாள் விடாம மூட்டம் போட்டா சூடு வராது, அன்னிக்கு அடுப்புல காய்ச்சிக்கோங்க" என்று சொல்லிவிடுவாள்.

"ஏம்மா, நீ யாரு பக்கம்?" என்று தாமோதரன் ஒருநாள் கேட்டார்.

"சொல்லாம வுட்டா, மழ நாள்ல குழாயத் தொறந்துட்டு திட்டிகினே அந்த ராடத் தேடுவாங்க சார்."

அந்த ராடு. பக்கெட்டுக்குள் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போடும் ஹீட்டர் ராடு. சோலார் மாட்டி முடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். எதற்கு என்று கேட்டால், "பழைய இரும்புக்கு" என்பாள். அது பொய். உண்மையைச் சொல்லப் பதினோரு வருடமாக அவளுக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அவள் ஊர். அவள் கணவன் மோகன் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினான். முதல் ஷிஃப்டுக்கு நான்கரை மணிக்கே குளிக்க வேண்டும். ஒரு மார்கழிக் காலையில் அலுமினிய அண்டாவில் ராடைப் போட்டுவிட்டுப் பல் துலக்கியிருக்கிறான். சூடு வந்ததா என்று பார்க்க ஸ்விட்சை அணைக்காமல் விரலை விட்டிருக்கிறான். துர்காதேவி ஓடிவந்தபோது ஈரத் தரையில் கிடந்தான்.

குளியலறைக்கு லைன் இழுத்துக் கொடுத்தவர் மோகனின் அண்ணன் திருவேங்கடம். எலெக்ட்ரீஷியன் எதற்கு என்று அடுக்களைப் பிளக்கிலிருந்து தானே இரண்டு ஒயரை இழுத்திருந்தார். கரண்ட் கசிந்தால் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் ஒயர் இல்லை.

ஆட்டோ மறைமலை நகர் ஆஸ்பத்திரியைத் தொடும் முன்பே மூச்சு நின்றுவிட்டது. "கரண்ட்டுனு சொன்னா அறுப்பாங்க. என் தம்பிய அறுக்க வுட மாட்டேன்" என்று திருவேங்கடம் அழுதார். வண்டியைத் திருப்பினார்கள். வாசலில் கூடியவர்களிடம் மாரடைப்பு என்றார்கள். துர்காதேவியும் தலையாட்டினாள். அவளுக்கும் அவனை முழுதாக அனுப்ப வேண்டும் என்றுதான் இருந்தது.

அந்தத் தலையாட்டலுக்கு இப்படி விலை இருக்கும் என்று அன்றைக்குத் தெரியவில்லை. கேளம்பாக்கம், திருப்போரூர், கோவளம் என்று ஊர் ஊராக மாடியில் சோலார் தொட்டி ஏறியது. அவள் தெருவில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ராடு ஆபத்து என்று சொன்னால், "யாரு செத்தாங்க சொல்லு?" என்பார்கள். அவள் வாயை மூடிக்கொள்வாள்.

போன தை மாதம் ஒரு காலையில் பக்கத்து வீட்டுக் குளியலறைக் கதவு திறந்திருந்தது. திருவேங்கடத்தின் மருமகள் சிநேகா, ஏழு மாத வயிற்றோடு குனிந்து, பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராடின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏய், கைய எடு!"

சிநேகா பயந்து நிமிர்ந்தாள். "இன்னா சின்னத்தே, இப்டி கத்துறே? பக்கெட்டு பிளாஸ்டிக்குதானே?"

அன்று துர்காதேவி வேலைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு மகளிர் குழுக் கட்டட மாடியில் சோலார் காட்டுவதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இருபது பேர் போல வந்தார்கள். எதிர்வீட்டுப் பூவாயி வழக்கம்போல ஆரம்பித்தாள். "இன்னாடி துர்கா, நம்மூரு வெயில நமக்கே விக்க வந்துட்டியா?"

"வெயிலு ஓசிதான் பூவாயக்கா. குழாய்க்குத்தான் டப்பு."

"அப்டியே எங்க வூட்டுக்காரரயும் அதுல சாய்ச்சு வெய்யி. கொஞ்சம் சூடு சொரணை வருதான்னு பாப்போம்."

மாடியே சிரித்தது. துர்காதேவியும் சிரித்தாள். தண்ணீர் ஊற்றிக் காட்டினாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். உப்புத் தண்ணீரில் குழாய் அடைக்குமா? அடைக்கும், வருடத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். கடைசியாக ராடு பேச்சு வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த திருவேங்கடம் தொண்டையைச் செருமினார். "எங்க வூட்ல பதினஞ்சு வருசமா ராடு ஓடிகினு கீது. இதுவரைக்கும் இன்னா ஆயிடுச்சு?"

அவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். சிநேகா படியருகே சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். துர்காதேவி அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"மாமா, என்ன மன்னிச்சிக்கோ" என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "எங்க வூட்டுக்காரரு மாரடைப்புல சாவல. ராடுலதான் செத்தாரு. கரண்ட்டு அடிச்சி."

பூவாயி கையை வாயில் வைத்துக்கொண்டாள். எப்படி நடந்தது என்பதை நாலே வரியில் துர்காதேவி சொன்னாள். லைன் இழுத்தது யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் யார் வீட்டு ஒயர் யார் இழுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முகமாகத் திருவேங்கடத்தின் பக்கம் திரும்பியது.

அவர் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். "பதினோரு வருசம் பொறுத்தவ இன்னும் கொஞ்ச நாளு பொறுக்கக் கூடாதாம்மா?" என்றார். "நான் போயிட்ட பொறவு சொல்லியிருக்கலாமே."

"அதுக்குள்ள சிநேகா போயிட்டா இன்னா மாமா பண்ணுவேன்?"

அவர் கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவிப் படி இறங்கினார்.

அந்த வாரமே ஒன்பது வீடுகளில் பேர் கொடுத்தார்கள். பத்தாவது பேர் சிநேகாவுடையது, அவள் புருஷன் கையெழுத்தோடு. தாமோதரன் போனில், "இத முன்னாடியே சொல்லியிருந்தா எங்கேயோ போயிருப்போம்மா, இனிமே எல்லா ஊர்லயும் இதையே சொல்லு" என்றார். துர்காதேவி போனை வைத்துவிட்டாள். வேறு எந்த ஊரிலும் அவள் அதைச் சொல்லவில்லை.

தொட்டி ஏற்றிய அன்று திருவேங்கடம் வீட்டில் இல்லை. சிநேகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளில் துர்காதேவிக்கு இலை போட்டார்கள், அவர் அந்தப் பந்திக்கு வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். ஆனாலும் அவர் அவளிடம் பேசி ஒரு வருடமாகப் போகிறது.

இப்போது மார்கழி. விடியற்காலையில் துர்காதேவி வாசல் தெளிக்க வரும்போது, அவர் கொல்லைப்பக்கக் கைப்பம்பில் தானே அடித்துத் தானே ஊற்றிக்கொண்டு குளிப்பது கேட்கும். தலைக்கு மேல் மாடியில் நூறு லிட்டர் வெந்நீர் இருக்கிறது. சிநேகா கெஞ்சிப் பார்த்துவிட்டாள், மகன் சண்டை போட்டுப் பார்த்துவிட்டான். எழுபது வயதில் பச்சைத் தண்ணீர். ஒவ்வொரு சொம்புக்கும் அவர் வாயிலிருந்து ஒரு சின்ன முனகல் வரும்.

துர்காதேவி வாளியை வைத்துவிட்டு அந்த முனகல் நிற்கும் வரை அங்கேயே நிற்பாள்.